வார் மடியும் இடம்: தோல் பொருள்களின் உலோகப் பாகங்களில் வார்ப்பும் மெருகும்

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைத்துப் பெட்டி கட்டிய சரக்கு, சென்னைத் துறைமுகம் போகும் வழியில் காவேரிப்பாக்கத்தைக் கடக்கிறது. அந்தப் பெட்டிகளில் இருக்கும் தோலைப் பற்றி ஆய்வுகள் ஏராளம். கூடவே போகும் பக்கிள், வளையம், கொக்கி, ரிவெட் ஆகியவற்றைப் பற்றி எழுதப்பட்டது சொற்பம். தொழிலில் இவற்றுக்கான முடிவு ஒரே வரிசையில்தான் நடக்கிறது: விலையைப் பார்த்து வார்ப்பு முறை, பிறகு வாங்குபவர் காட்டும் நிறத்தைப் பார்த்து முலாம். இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பாகம் எதைத் தொடப்போகிறது என்பதிலிருந்து மெருகும், மெருகிலிருந்து வார்ப்பும் முடிவாக வேண்டும்.

பழைய இடுப்பு வார் ஒன்றை எடுத்து, பக்கிளின் குறுக்குக் கம்பியைச் சுற்றித் தோல் மடியும் இடத்தைப் பிரித்துப் பாருங்கள். பித்தளையாக இருந்தால் பச்சை நிறத்தில் மெழுகு போன்ற ஒரு பிசுக்கு நகத்தில் வரும். புளிபட்ட பாத்திரத்தில் ஏறும் களிம்பு அல்ல இது. தோலைப் பதப்படுத்தும்போது ஊட்டிய எண்ணெயின் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து உண்டாகும் ஒருவகைச் சோப்பு. துத்தநாகக் கலவையாக இருந்தால் வெள்ளைப் பொடி உதிரும். முகப்பு மட்டும் இரண்டிலும் பளபளவென்றே இருக்கும்.

கெடுதல் மடிப்பில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. குரோம் பதனிட்ட தோல் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. வியர்வை அதில் உப்பைச் சேர்க்கிறது. மடிப்பு ஈரத்தை வெளியே விடுவதில்லை. இதோடு வார்ப்பின் பங்கும் சேர்கிறது. அச்சின் இரு பாதிகள் கூடும் கோடு பெரும்பாலும் அந்தக் கம்பியின் வழியாகத்தான் ஓடும். பிசிறைத் தேய்த்து எடுக்கும்போது வார்ப்பின் அடர்ந்த மேல்தோல் போய், உள்ளே சிக்கியிருந்த காற்றின் நுண்துளைகள் திறந்துகொள்கின்றன. கடைசியாக முலாம் தொட்டியின் குணம்: மின்னோட்டம் முனைகளிலும் முகப்பிலும் குவியும், உள்மூலைகளில் மெலியும். ஆக, முலாம் மிக மெல்லியதாக விழும் இடமும், துளை திறந்த இடமும், தோல் இறுகப் பற்றும் இடமும் ஒன்றே.

துத்தநாக அச்சு வார்ப்பை ஏன் எல்லோரும் நாடுகிறார்கள் என்பது விளங்காததல்ல. ஜமாக் எனப்படும் கலவையில் ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியம். 390 டிகிரிக்குள் முழுவதும் உருகிவிடும். அந்தச் சூட்டில் இரும்பை அதிகம் அரிக்காது என்பதால் உலோகத்தைத் தள்ளும் பாகம் உருகிய குழம்புக்குள்ளேயே மூழ்கி வேலை செய்கிறது; இயந்திரம் வேகமாக ஓடுகிறது; அச்சு பல லட்சம் வார்ப்பு தாங்கும். ஆனால் துத்தநாகம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அதன்மேல் நேராக நிக்கல் ஏற்ற முடியாது. முதலில் செம்புப் பூச்சு வேண்டும். மரபான முறையில் அது சயனைடு தொட்டி. துளைக்குள் புகுந்த தொட்டி நீர், சில வாரம் கழித்து முலாமைக் கீறிக்கொண்டு வெள்ளைப் புள்ளியாக வெளியே வரும். பவுடர் கோட்டிங்கிலும் தப்ப வழியில்லை: 180 டிகிரி அடுப்பில் உள்ளிருக்கும் காற்று விரிந்து கொப்புளம் எழும்.

ஆயிரம் இரண்டாயிரம் என்று வரும் சிறு ஆர்டர்களுக்கு எஃகு அச்சின் விலை கட்டாது. ரப்பர் அச்சைச் சுழற்றி வார்க்கும் முறை அங்கே கைகொடுக்கும். ஆனால் தோலை இறுகப் பற்றும் பாகத்துக்குப் பித்தளையே தகும் என்பது என் கருத்து. முலாம் தேய்ந்தாலும் அடியில் இருப்பது பித்தளை, மறுபடி மெருகேற்றலாம். துத்தநாகத்தில் முலாம் போனால் பொருளே போனது மாதிரிதான். பச்சைப் பிசுக்குக்கு மருந்து, கம்பியின் மீதும் அரக்குப் பூச்சு முழுமையாக ஏறும்படி செய்வது. கூர்மையான உள்மூலையை வார்ப்பிலேயே வளைவாக்கிவிட்டால் பூச்சும் முலாமும் அங்கே ஒழுங்காகப் பிடிக்கும். இதை வார்ப்புக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அச்சு வெட்டியான பிறகு யாரும் மூலையை மாற்றுவதில்லை.

மெருகை முன்வைத்து வார்ப்பைத் தீர்மானிப்பது நமக்குப் புதிதும் அல்ல. சுவாமிமலை ஸ்தபதி சிலையின் உருவத்தை முதலில் மெழுகிலேயே செய்துவிடுகிறார். உளியும் அரமும் அதற்குப் பிறகுதான். நாச்சியார்கோயில் குத்துவிளக்கை மணலில் வார்க்கும்போதே கடைசலில் போகப்போகும் கனத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு ஊரிலும் முலாம் இல்லை. பிழையை மூடி மறைக்க ஒரு போர்வையும் இல்லை. அதனாலேயே வார்ப்பு ஒழுங்காக இருக்க வேண்டியதாகிறது. இதை மரபுப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பல லட்சம் பக்கிளை மெழுகில் செய்ய யாராலும் முடியாது.

குரோமியம் விஷயத்தில்தான் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் இருக்கும் பாலாற்றுப் படுகைக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. தோல் பதனிடுவது மூன்றிணைதிறன் குரோமியத்தால். அலங்கார முலாமுக்கு வழக்கமாகப் பயன்படுவது நஞ்சான ஆறிணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவே ஒரு லட்சம் டன்னுக்கு மேல். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று சொன்னது இந்தப் படுகையின் தோல் ஆலைகளைப் பார்த்துத்தான். அலங்கார குரோம் படலத்தின் கனமோ பெரும்பாலும் அரை மைக்ரான்கூட இல்லை. நாம் காணும் மினுக்கில் பெரும்பங்கு அடியிலுள்ள நிக்கலுடையது. அந்த மெல்லிய படலத்துக்காக இந்த மண்ணில் இன்னொரு ஆறிணைதிறன் தொட்டியை வைப்பதற்கு நியாயம் இல்லை. மூன்றிணைதிறன் முலாமில் நிறம் ஒரு சாயல் மங்கும், மங்கட்டும்.

நிக்கலுக்கும் வரம்பு வந்துவிட்டது. ஐரோப்பிய விதிப்படி, சருமத்தை நெடுநேரம் தொடும் பாகத்திலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது. தோலிலும் ஆறிணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது. தோலுக்கான இந்த வரம்பு 2015 மே முதல் அமலில் உள்ளது. செம்பு, வெள்ளீயம், துத்தநாகம் கலந்த வெள்ளை வெண்கல முலாம் நிக்கலுக்கு நல்ல மாற்று.

விலை கூடுமே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் விலையை எங்கே கணக்கிடுகிறோம் என்ற கேள்வி இருக்கிறது. இன்று முலாமின் கனத்தை அளக்கும் கருவியைப் பக்கிளின் முகப்பில் வைக்கிறார்கள். அங்கே எண் எப்போதும் நன்றாகவே வரும். ஆர்டர் தாளில் அளக்கும் இடத்தையும் குறிக்கட்டும்: குறுக்குக் கம்பி, உள்மூலை, வார் மடியும் பக்கம்.