ஜப்பானிய நடுநிலைப் பள்ளி நூலகம்

ஜப்பானில் 12 முதல் 15 வயது வரையிலான மாணவர்கள் மூன்றாண்டு படிக்கும் நடுநிலைப் பள்ளிகளில் இயங்கும் நூலகம். 1953ஆம் ஆண்டின் பள்ளி நூலகச் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் நூலகத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் நூலக ஆசிரியரை 'தற்காலிகமாக' நியமிக்காமல் இருக்கலாம் என்று ஒரு சலுகையும் தந்தது. அந்தத் தற்காலிகம் அரை நூற்றாண்டு நீண்டது! 2003 முதல்தான் 12 அல்லது அதற்கு மேற்பட்ட வகுப்புப் பிரிவுகள் உள்ள பள்ளிகளுக்கு நூலக ஆசிரியர் கட்டாயமானார்.

அன்றாட வேலையில் ஒரு பகுதி மாணவர் கையில். வகுப்புக்குச் சிலராகத் தேர்வாகும் நூலகக் குழுவினர் மதிய இடைவேளையில் புத்தகம் வழங்குகிறார்கள், அலமாரியைச் சீராக்குகிறார்கள், பரிந்துரை அட்டை எழுதி ஒட்டுகிறார்கள்.

வாசிப்பை வழக்கமாக்கியது 'காலை வாசிப்பு'. 1988இல் சிபா மாகாணத்தின் உயர்நிலைப் பள்ளியொன்றில் தொடங்கி மற்ற பள்ளிகளுக்கும் பரவியது. பாடம் தொடங்குமுன் பத்து நிமிடம். எல்லோரும், தினமும், பிடித்த நூலை, சும்மா வாசிக்க வேண்டும். கேள்வி இல்லை, மதிப்பெண் இல்லை. கோடை விடுமுறை வாசிப்புக் கட்டுரை இதற்கு நேர்மாறு. 1955 முதல் நடக்கும் தேசியப் போட்டிக்காகப் பிள்ளைகள் எழுதித் தள்ளுகிறார்கள்.

'பிப்ளியோபேட்டில்' என்ற நூல் அறிமுகப் போட்டி இன்னும் கலகலப்பானது. 2007இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் உருவான இதில், ஒவ்வொருவரும் ஐந்து நிமிடத்தில் ஒரு நூலை அறிமுகம் செய்வார்கள். பின்னர் கேள்வி நேரம், வாக்கெடுப்பு. வெல்வது பேச்சாளர் அல்ல, அதிகம் பேர் வாசிக்க விரும்பும் புத்தகம்.