ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கபடி

நாட்டு அணிகள் மோதும் கபடிப் போட்டிகளில் மிக மதிப்பு வாய்ந்தவற்றுள் ஒன்று ஆசிய விளையாட்டுப் போட்டி. 1982 டெல்லிப் போட்டியில் காட்சி ஆட்டமாக இடம்பெற்ற கபடி, 1990 பெய்ஜிங்கில் பதக்க ஆட்டமானது. மகளிர் பிரிவு 2010 குவாங்சோவில் சேர்ந்தது.

அணிக்கு எழுவர், பாடிச் செல்பவருக்கு 30 விநாடி. ஆடவருக்கு இரு பாதிகள், தலா 20 நிமிடம்.

தமிழகத்தின் தாமிரபரணிக் கரைக்கும் ஆசியப் போட்டிக் கபடியில் பங்குண்டு. ஆழ்வார்திருநகரியை அடுத்த மணத்தி கிராமத்தின் கணேசன், 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார்; பின்னர் அர்ஜுனா விருதும் பெற்றார். மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ (2025) அவர் வாழ்க்கையைத் தழுவியது. ஊர்ப் பொட்டலில் ஆடிப் பழகிய ஒருவர் ஆசிய மேடை ஏறியது இவ்வட்டாரத்தின் பெரும் பெருமை.

1990 முதல் 2014 வரை ஆடவர் தங்கம் ஏழும் இந்தியாவுக்கே. 2018 ஜகார்த்தாவில் ஈரான் அரையிறுதியில் 27-18 என வென்று அந்தத் தொடர்வெற்றியை முறித்தது. மகளிர் தங்கத்தையும் ஈரானே பெற்றது. அந்த மகளிர் அணியின் பயிற்சியாளர் இந்தியரான ஷைலஜா ஜெயின்.

2023இல் நடந்த ஹாங்சோ ஆடவர் இறுதியாட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 28-28 என இருந்தபோது, இந்தியாவுக்காகப் பாடிச் சென்ற பவன் செராவத் எவரையும் தொடாமல் எல்லை தாண்டினார். ஈரான் வீரர்கள் சிலரும் தொடர்ந்தனர். புள்ளி யாருக்கு என்ற தகராறில் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. இறுதியில் இந்தியா 33-29 என வென்றது. மகளிர் இறுதியில் இந்திய அணி சீனத் தைபேயை 26-25 என வீழ்த்தியது.