எச்சரித்த விமானி

கண்டாவளையில் நெல் விதைக்கும் கமக்காரனுக்கும் கனடா தேசத்து விமானி ஒருவனுக்கும் என்ன தொடர்பு இருத்தல் கூடும்? இவ்வினா நேயர்களுக்கு வியப்பைத் தரலாம். ஆயினும் 1942ஆம் ஆண்டின் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு விடை எளிதிற் புலனாகும்.

அவ்வாண்டு பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இறங்கூன் நகரும் யப்பானியர் வசமாயிற்று. பர்மிய அரிசியை நம்பி உலையேற்றிய இலங்கைக்கு அரிசி வரும் வழி அடைபட்டது. பங்கீட்டு முறை வந்தது. வன்னி வயல்களில் விளைந்த ஒவ்வொரு மூடை நெல்லுக்கும் முன்னில்லாத மதிப்பு உண்டாயிற்று. எஞ்சியிருந்த கடல் வழிகளும் பறிபோகுமோ என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. அந்த வேளையிலேதான் லெனாட் பேர்ச்சல் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்.

பேர்ச்சல் 1915ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற் பிறந்தவர். கிங்ஸ்ரன் நகரிலுள்ள அரச இராணுவக் கல்லூரியிற் பயின்று, 1937இல் தேறி, விமானப்படையிற் சேர்ந்தவர். கனேடிய விமானப்படையின் 413ஆம் அணியில் அவர் ஓட்டியது கற்றலீனா என்னும் விமானம். அது நீரில் இறங்கவல்லது; கடலைக் காவல் செய்யவும் குண்டு வீசவும் ஏற்றது; நெடுநேரம் பறக்கும், ஆனால் வேகம் குறைந்தது. ஸ்கொத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளிலிருந்து புறப்பட்ட பேர்ச்சல், ஏப்ரில் 2ஆம் நாள், காலிக்கு அணித்தாயுள்ள கொக்கலை வாவியில் வந்திறங்கினார்.

இரண்டு நாள் கழிந்தது. ஏப்ரில் 4ஆம் நாள் விடியற்காலையில் எண்மரை உடன்கொண்டு தென்கடலைக் காவல் செய்யப் புறப்பட்டார். பகல் முழுவதும் பறந்தும் கண்ணுக்கெட்டிய தூரம் கடலேயன்றி வேறொன்றும் தோன்றவில்லை. பிற்பகலில், திரும்ப வேண்டிய வேளையில், தெற்கே அடிவானத்திற் சிறு புள்ளிகள் தென்பட்டன. அவற்றைக் கண்டும் காணாதார் போலத் திரும்பியிருந்தால் உயிர் தப்பியிருக்கலாம். பேர்ச்சலோ அவை யாவை என்று அறிய நெருங்கிச் சென்றார்.

அவர் கண்டது ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் வந்த பெரும் போர்க்கப்பற் படை. முந்திய ஆண்டு டிசம்பரிற் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அட்மிரல் நகுமோவே அதற்கும் தலைவர். எதிரியின் சண்டை விமானங்கள் உடனே பாய்ந்தன. மேகம் மறைக்கவில்லை, வேகமும் உதவவில்லை. கற்றலீனாவின் கம்பியில்லாத் தந்தி மாத்திரம் பேசிக்கொண்டிருந்தது. பகைவர் படையின் அளவு, இடம், வேகம், திசை ஆகியவற்றை மூன்று முறை அனுப்புதல் விதி. மூன்றாம் முறை பாதியில் நிற்கையிற் குண்டொன்று தந்திக் கருவியைச் சிதைத்தது. விமானம் தீப்பற்றிக் கடலில் விழுந்தது. ஒன்பதின்மரில் மூவர் மாண்டனர். எஞ்சிய அறுவர் யப்பானிய நாசகாரிக் கப்பலாற் பிடிக்கப்பட்டனர்.

கப்பலில் அடியும் உதையும் விழுந்தன. செய்தி எதுவும் அனுப்பவில்லை என்றே பேர்ச்சல் சாதித்தார். ஆனால் செய்தி தெளிவாக விளங்காத கொழும்பு நிலையம், அதனை மீண்டும் அனுப்புமாறு வானொலியிற் கேட்டது. அதை யப்பானியரும் கேட்டனர். அடி பலமடங்காயிற்று.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையிற் கொழும்பிற் குண்டு விழுந்தது. டெனிடொஸ், ஹெக்டர் என்னும் கப்பல்கள் துறைமுகத்தில் மூழ்கின, பொதுமக்களும் மாண்டனர். ஆயினும் எச்சரிக்கை கிடைத்ததால் முந்திய நாளே கப்பல்கள் பல துறைமுகத்தை விட்டு அகன்றிருந்தன. ஏப்ரில் 9ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேமிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அமிழ்ந்தது. அன்று கொழும்பிலிருந்து சென்ற ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பல்களைத் தாக்கின, ஐந்து மீளவில்லை.

பேர்ச்சலை ‘இலங்கையின் இரட்சகர்’ என உலகம் போற்றியது. இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். நகுமோவின் படை தாக்கித் திரும்ப வந்ததேயன்றி, இலங்கையிற் படை இறக்கி நாட்டைக் கைப்பற்ற வந்ததன்று. ஆகவே ஒரு விமானி தனியொருவராய் நாட்டை மீட்டார் என்பது மிகைக் கூற்றே. கப்பல்களையும் மாலுமிகளையும் காக்க அவர் செய்தி உதவியது என்பதோ உண்மை. அவ்வுண்மையே அவர் புகழுக்குப் போதும்.

எனினும், அவர் பெருமை முழுவதும் அன்றைய தினத்தோடு அடங்கிவிடவில்லை. மூன்றாண்டுக்கு மேல் நீடித்த சிறைவாசத்திலேதான் அவர் இயல்பு நன்கு விளங்கிற்று. யப்பானியரிடம் கைதியான மேலைநாட்டவரில் நூற்றுக்கு 27 பேர் வரை மாண்டனர் எனத் தோக்கியோ நீதிமன்றம் கணக்கிட்டது. யோக்கோகாமா முகாமிற் கைதிகளின் மூத்த அதிகாரியான பேர்ச்சல், உணவு விடயத்தில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். அதிகாரிகள் இறுதியிலே உண்பர். தன் பங்கு குறைந்ததென எண்ணும் எவனும் தன் கிண்ணத்தை அதிகாரியின் கிண்ணத்தோடு மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகள் உண்டபின் சட்டியில் எஞ்சியதைத் தான் உண்ணும் தாயை நம் வீடுகளிற் காண்கிறோம் அல்லவா? குடும்பத்தைப் பிரிந்து தவித்த அம்மனிதர்க்கு அந்த முகாமே ஒரு குடும்பமாக அமைந்தது.

1944இல் நோயாளிகளையும் வேலைக்கு இழுத்தபோது, அவர்களை விடுவிக்கும்வரை எவரும் வேலை செய்யலாகாது எனக் கட்டளையிட்டார். அதற்காகக் கொடிய அடி வாங்கி, ஓமோரித் தண்டனை முகாமுக்கு அனுப்பப்பட்டார். கைதிகள் பட்ட துயரை இரகசியமாக எழுதிப் புதைத்து வைத்தார். போர் முடிந்தபின் அக்குறிப்புகள் விசாரணையிற் சான்றாயின.

வன்னியிலும் அப்போரின் சுவடு பதிந்தது. 1943, 1944ஆம் ஆண்டுகளில் வவுனியா விமானத் தளத்திற் பிரித்தானிய விமானப்படையின் 22ஆம், 217ஆம் அணிகள் இருந்தன. காடும் வயலும் சூழ்ந்த நிலத்தின்மேல் போர்விமானங்கள் பறந்தன.

பேர்ச்சல் தாம் படித்த கல்லூரிக்கே பின்னாளிற் தளபதியாகி, 2004ஆம் ஆண்டு காலமானார். போர்வீரனை அவன் அழித்ததைக் கொண்டே அளப்பது உலக வழக்கு. ஏப்ரில் 4ஆம் நாட்பயணத்திற் பேர்ச்சல் எதிரியின் கப்பல் ஒன்றையும் மூழ்கடித்தாரல்லர். அன்று ஆபத்தை அறிவித்தார். பின்னர்த் தம்மை நம்பினோரைக் காத்தார். வீரம் என்பதற்கு இவ்விரண்டும் போதிய இலக்கணம்.