மஸ்தகி: முத்திரைக்குப் பின்னால் இருக்கும் கைகள்

நாட்டு மருந்துக் கடையில் 'ரூமி மஸ்தகி' என்று கேட்டால், கண்ணீர்த் துளிகள் உறைந்ததுபோல் வெளிர்மஞ்சள் பிசின் துண்டுகளைத் தருவார்கள். இந்தப் பிசினுக்குப் பேர்போன இடம் கிரேக்கத்தின் கியோஸ் தீவு. அங்கே ஈஸ்டர் ரொட்டியிலும் ஐஸ்கிரீமிலும் மதுவிலும் அதைச் சேர்க்கிறார்கள்.

மஸ்தகியின் வரலாறு பெரும்பாலும் ஆண்டவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1346இல் ஜெனோவா வணிகர்கள் தீவைப் பிடித்து, பிசின் வணிகத்தைத் தங்கள் ஏகபோகமாக்கினார்கள். 1566இல் ஒட்டோமான்கள் வந்தார்கள். இஸ்தான்புல் அரண்மனைப் பெண்கள் வாய் மணக்க அதை மென்றதை எல்லோரும் எழுதுகிறார்கள். அதைப் பொறுக்கிய பெண்களைப் பற்றிய பேச்சு குறைவு.

வேலையைப் பார்த்தால் விஷயம் புரியும். குளிர்காலத்தில் மரத்துக்கு உரமிடுவதும் கிளை கழிப்பதும் ஆண்கள். ஜூனில் மரத்தடியைக் கூட்டிப் பெருக்கிச் சமன்செய்வது பெண்கள். பிசின் அழுக்காகாமல் விழ, அங்கே வெள்ளை மண்தூள் தூவப்படும். ஜூலை நடுவில் பட்டையைக் கீறத் தொடங்குவார்கள். வடிந்து இறுகிய துண்டுகளைக் குனிந்து பொறுக்குவதும், ஒட்டியிருக்கும் மண்ணையும் இலையையும் நீக்குவதும் மறுபடி பெண்களின் வேலை. தூசு போகாத பிசினுக்கு விலை கிடையாது. ஆனால் அந்தத் துப்புரவு 'வீட்டு வேலை'யைப் போலவே கண்ணில் படுவதில்லை.

1938இல் மஸ்தகி விவசாயிகள் சங்கம் உருவானபோது, கிரேக்கப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. அது 1952இல்தான் கிடைத்தது. கணவனே குடும்பத் தலைவன் என்ற சட்டம் 1983 வரை இருந்தது. அப்படிப்பட்ட நாட்டில், குடும்பமாக உழைத்த உழைப்பு யாருடையதாக எண்ணப்பட்டிருக்கும்?

1997இல், நமது புவிசார் குறியீட்டைப் போன்ற ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்பு கியோஸ் மஸ்தகிக்குக் கிடைத்தது. தீவின் பெயரை வேறு யாரும் திருட முடியாது என்பது விவசாயிகளுக்குப் பெரிய பலம்தான். ஆனால் அந்தப் பெயர் மண்ணின் பெயர். 2014இல் யுனெஸ்கோ இந்த அறிவைப் பண்பாட்டு மரபாகப் பதிவுசெய்தபோது, பெண்கள் பெருக்குவதும் பொறுக்குவதும் சுத்தம் செய்வதும் எழுத்தில் ஏறின.

மரபு என்று கொண்டாடும்போது பெண்ணைப் பார்க்க முடிகிறது. நிலம் யார் பேரில், பணம் யார் கையில் என்ற கணக்கிலும் அவளைப் பார்க்க வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற எந்தப் பொருளை வாங்கும்போதும், ஊரோடு சேர்த்து அந்தக் கையையும் நாம் கேட்கலாம்.