டீசல் வேனும் எண்ணெய்ச் சிக்கனமும்

மலாக்கா மாநிலத்தில் டீசல் வேனை நம்பிப் பிழைப்பவர்கள் 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாளை எளிதில் மறக்க மாட்டார்கள். முதல் நாள்வரை லிட்டர் 2 வெள்ளி 15 காசுக்கு விற்ற டீசல், அன்று தீபகற்ப மலேசியாவில் 3 வெள்ளி 35 காசாயிற்று. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வோர், மாலைச் சந்தைக்குக் காய்கறி கொண்டு போவோர், திருமண வீட்டுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுவோர் ஆகிய அனைவர் மனத்திலும் ஒரே கேள்விதான் எழுந்தது. ஊற்றுகிற எண்ணெயில் இன்னும் சற்றுத் தூரம் ஓட முடியாதா?

இது புதிய கேள்வியன்று. டீசல் எந்திரம் பிறந்ததே இந்தக் கேள்விக்கு விடையாகத்தான். 19ஆம் நூற்றாண்டின் நீராவி எந்திரங்கள், எரித்த நிலக்கரியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பெரும்பாலும் வேலையாக மாற்றவில்லை. மீதியெல்லாம் வெப்பமாகவே வீணாயிற்று. மியூனிக் நகரில் பேராசிரியர் லிண்டேயிடம் பயின்ற ருடோல்ப் டீசல் இதைப் பொறுக்க முடியாமல் 1892இல் புதியதோர் எந்திரத்துக்குக் காப்புரிமை கோரினார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அது சோதிக்கப்பட்டபோது, எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 26 விழுக்காட்டை வேலையாக மாற்றிக் காட்டியது.

அதன் தத்துவம் நம் வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. தென்கிழக்காசிய மக்கள், மலாய் நாட்டிலும்கூட, தீப்பெட்டி வருவதற்கு முன்பே தீக்குழல் என்னும் சிறு கருவியைப் பயன்படுத்தி வந்தார்கள். ஒருமுனை அடைத்த குழலுக்குள் தண்டை வேகமாகக் குத்தினால், உள்ளே அழுந்திய காற்று சூடேறி, நுனியில் வைத்த பஞ்சு பற்றிக்கொள்ளும். லிண்டே காட்டிய இத்தகைய குழலே டீசலுக்கு எண்ணம் தந்தது என்று சொல்வோரும் உண்டு. அது எப்படியாயினும், குழலிலும் எந்திரத்திலும் நடப்பது ஒன்றே. காற்றை 20 மடங்கு அளவுக்கு நெருக்கினால், தீப்பொறி இல்லாமலே எண்ணெய் பற்றும். அவ்வளவு நெருக்குவதனால்தான் பெட்ரோல் எந்திரத்தைவிட டீசல் எந்திரம் குறைந்த எண்ணெயில் கூடுதல் வேலை செய்கிறது.

டீசல் தம் எந்திரத்தை உருவாக்கிக் கொண்டிருந்த அதே காலத்தில், 1896இல், மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களெங்கும் தோட்டங்கள் பரவின. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் வந்து இறங்கினர். அவர்கள் டீசல் எந்திரத்தை முதலில் அறிந்தது சாலையில் அன்று. ரப்பர் ஆலையின் கொட்டகையிலும், மாலையில் சில மணி நேரம் லயங்களுக்கு விளக்கு எரித்த மின்னாக்கி அறையிலுந்தான். அந்தப் பெரிய சக்கரத்தின் ஓசை நின்றால் தோட்டமே இருளும்! எண்ணெயைச் சரியான அளவில், சரியான நொடியில் உள்ளே பீய்ச்சும் சிறிய பம்பு இல்லாமையால், நெடுங்காலம் அந்த எந்திரம் கனமாகவே இருந்தது. 1927இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அத்தகைய பம்பைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் லாரி பெருகிற்று. வேனில் ஏறுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

வேனை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தவை இரண்டு. ஒன்று, தோட்டங்களின் சிதைவு. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை இடம்பெயர்த்தது. பின்னர் செம்பனையும், வீடமைப்பும், தொழிற்பேட்டைகளும் ரப்பர் மரங்களின் இடத்தைப் பிடித்தன. லயத்திலிருந்து நடந்து போன பிள்ளை, இப்போது பட்டணத்து வீட்டிலிருந்து சில மைல் தாண்டி அதே தமிழ்ப்பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று. மற்றொன்று, எண்ணெய் விலை. 1973 அக்டோபரில் தொடங்கிய நெருக்கடியில், சில மாதங்களுக்குள் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 3 டாலர் அளவிலிருந்து 12 டாலரை நெருங்கியது. சிக்கனமான சிறு டீசல் வண்டிகளுக்கு உலகெங்கும் மதிப்புக் கூடியது. ஜப்பானிய டீசல் வேன்கள் நம் சாலைகளிலும் பெருகின.

ஆனால் நம் நாடு தானே எண்ணெய் எடுக்கும் நாடு. 1974இல் பெட்ரோனாஸ் அமைந்தது. 1983இல் வந்த விலை முறைப்படி, வரியையும் உதவித்தொகையையும் கூட்டிக் குறைத்து அரசாங்கம் நிலையங்களின் சில்லறை விலையை நிலையாக வைத்திருந்தது. ஏழைகளுக்கு இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. எனினும், மலிவு விலை நம்மிடையே ஒரு கெட்ட பழக்கத்தையும் வளர்த்தது என்றே நாம் கருதுகிறோம். எந்திரத்தை ஓடவிட்டே தேநீர் குடிப்பது, பள்ளி வாசலில் அரைமணி நேரம் உறுமவிடுவது, புகை கக்கினாலும் 'டீசல் என்றால் புகையத்தான் செய்யும்' என்று விட்டுவிடுவது ஆகியவை வழக்கமாயின. நிற்கும் வேன் மணிக்கு அரை லிட்டர் முதல் 1 லிட்டர்வரை குடிக்கும். கரும்புகை என்பதோ முழுதும் எரியாத எண்ணெய்; காசு கொடுத்து வாங்கியது கரியாகப் போகிறது. பீய்ச்சு குழாயின் முனை தேய்ந்திருக்கும், அல்லது காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருக்கும். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் வேனுக்கு இந்த வடிகட்டியை மற்றவர்களைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். 1996இல் டீசல் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்த பிறகு, காற்றுத் தூய்மைக்காகச் செய்த பழுதுபார்ப்பு பலருக்கு எண்ணெயையும் மிச்சப்படுத்தியது.

பழைய வேன்களின் அமைப்பிலேயே ஓர் இழப்பு இருந்ததையும் சொல்ல வேண்டும். அவற்றில் எண்ணெய் நேரே உருளைக்குள் பாயாமல், பக்கத்திலுள்ள சிறு சுழல் அறையில் எரிந்தது. இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ 1930களில் செம்மைப்படுத்திய இவ்வமைப்பு ஓசையைக் குறைத்தது. ஆனால் அறைச் சுவர் வெப்பத்தைத் தின்றது. நேரே பீய்ச்சும் எந்திரம் இதைவிடப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு சிக்கனமானது. 1990களின் பிற்பகுதியில் பொதுக்குழாய் முறையும் கணினிக் கட்டுப்பாடும் வந்தபின் இது சிறு வண்டிகளுக்கும் கைகூடிற்று. பழைய வேனின் உரிமையாளர் இதற்காக எந்திரத்தை மாற்ற முடியாது. அவர் கையில் இருப்பது வேகம்.

இதற்கு அமெரிக்காவே சான்று. 1974இல் அந்நாடு எண்ணெயை மிச்சப்படுத்த, நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாக, அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டராகக் குறைத்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி வளரும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமை பெற்றபின், சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஆயர் குரோவுக்குப் போகும் வேன் 110ஐத் தொடுவது எளிதாயிற்று. 90இல் போகும்போது உள்ளதைவிட 110இல் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வேனோ முகம் தட்டையான பெட்டி. கூரைமேல் வெற்றுச் சட்டமும் இருந்தால் கேட்க வேண்டியதில்லை. சக்கரத்தில் காற்றுக் குறைந்தாலும் எந்திரத்துக்குச் சுமைதான்.

'செம்பனை கலந்ததனால்தான் எண்ணெய் அதிகம் போகிறது' என்று பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் எந்திரம் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியிருக்கிறது. நம் நாட்டில் செம்பனை டீசல் ஆராய்ச்சி 1982இல் தொடங்கிற்று. 2011இல் 5 விழுக்காட்டுக் கலவை முதலில் வந்த வட்டாரங்களில் மலாக்காவும் ஒன்று. 2019இல் அது 10 விழுக்காடாயிற்று. செம்பனை டீசலில் லிட்டருக்குச் சுமார் 8 விழுக்காடு ஆற்றல் குறைவு. பத்தில் ஒரு பங்கு கலந்தால் வரும் குறை 1 விழுக்காட்டுக்கும் கீழ்தான். நம்மவர் தோட்டத்தில் வெட்டிய குலையின் எண்ணெயின்மேல் இந்தப் பழியைப் போடுவது நியாயமன்று.

விலை அதிர்ச்சி 2024க்கு முன்பும் வந்ததுண்டு. 2008 ஜூனில் டீசல் ஒரே நாளில் 1 வெள்ளி உயர்ந்து 2 வெள்ளி 58 காசாயிற்று. ஆனால் சில மாதங்களில் உலக விலை சரிந்ததால் அந்தப் பாடம் விரைவில் மறந்து போயிற்று. 2024இல் அரசாங்கம் வேறு வழியைக் கையாண்டது. உரிமம் பெற்ற பள்ளிப் பேருந்து போன்றவற்றுக்கு லிட்டர் 1 வெள்ளி 88 காசுக்குக் கிடைத்தது. தகுதியுள்ள தனியாருக்கு மாதம் 200 வெள்ளி தரப்பட்டது. நிலைய விலையும் அவ்வாண்டு இறுதிக்குள் 3 வெள்ளிக்குக் கீழே இறங்கியது.

200 வெள்ளி போதுமா? மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் வேனைக் கொள்வோம். அதற்கு 250 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 1 வெள்ளி 20 காசு உயர்ந்தால் கூடுதல் செலவு 300 வெள்ளி. உதவித்தொகை போக 100 வெள்ளி துண்டு விழும். அதே வேன் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தந்தால் 208 லிட்டர் போதும். மிஞ்சும் 42 லிட்டரின் விலை, அன்றைய கணக்கில் 140 வெள்ளியை ஒட்டி வரும். இந்தத் தொகை அற்பமன்று. வேன் கட்டணம் ஏறினால், தோட்டத்தைவிட்டு வந்த பெற்றோர் தூரத்துத் தமிழ்ப்பள்ளியா, வீட்டருகிலுள்ள வேறு பள்ளியா என்று யோசிக்கத் தொடங்குவார்கள். மாணவர் எண்ணிக்கை சிறுத்த பள்ளிகளுக்கு நான்கு பிள்ளைகள் குறைவதும் பெரிய குறைவே.

10 கிலோமீட்டரா, 12 கிலோமீட்டரா என்பதை எண்ணெய் முள்ளைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொட்டியை நிரப்பி, கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அதே நிலையத்தில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு முறை பார்த்தது போதாது. மழை நாளும் விடுமுறை நாளும் அடங்கும்படி ஒரு மாதக் கணக்காவது வேண்டும். அன்றாடம் பால் நிறுத்துக் கணக்கு எழுதியே பழகிய தோட்டத்து மக்களுக்கு இது கடினமான வேலையன்று.