விலகினாரா, விலக்கப்பட்டாரா?

தலைவர் ஒருவர் பதவியை விட்டுப் போனார் என்ற செய்தி வந்தவுடன் மக்கள் கேட்கும் முதற் கேள்வி, 'தாமே போனாரா, போக வைத்தார்களா?' என்பதே. இவ்வினாவுக்கு விடை கூறும் ஆற்றல் தமிழ் வினைச்சொற்களுக்கு இயல்பாகவே அமைந்துள்ளது. நீங்கினார், நீக்கினார், விலகினார், விலக்கினார், இறங்கினார், இறக்கினார், கவிழ்ந்தது, கவிழ்த்தது எனத் தன்வினையும் பிறவினையும் இணை இணையாக நிற்கின்றன. 'நீங்கு' என்பதன் மெல்லொற்று வல்லொற்றானால் 'நீக்கு'. 'விலகு' என்பதன் ககரம் இரட்டித்தால் 'விலக்கு'. வேறுபாடு ஓர் ஒற்றின் அளவே. எனினும் அந்த ஓர் ஒற்றுக்குள்ளே ஒரு படையோ, ஓர் அதிகாரியோ, ஒரு கட்சியோ மறைந்திருக்கக் கூடும். கிள்ளான் பள்ளத்தாக்கின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

வாளும் பீரங்கியும் பேசிய காலத்தில் சொல்லில் ஐயம் இருந்ததில்லை. 1867ஆம் ஆண்டில் ராஜா மஹ்டி கிள்ளானைத் தாக்கி, அதனை ஆண்டுவந்த ராஜா அப்துல்லாவைத் துரத்தினார். 1870இல் அதே மஹ்டி, சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகனாகிய தெங்கு கூடினின் தரப்பினரால் கிள்ளானினின்று வெளியேற்றப்பட்டார். மதிலை வளைப்பதை உழிஞை என்றும், காப்பதை நொச்சி என்றும் வகுத்துரைக்கும் புறப்பொருள் வெண்பாமாலையைக் கற்றவர்க்கு இப்போரின் போக்கு புதிதாகத் தோன்றாது. துரத்தியவர் யார், துரத்தப்பட்டவர் யார் என்பது ஊரறிந்த செய்தி.

1874இல் சிலாங்கூருக்கு ஆங்கில ரெசிடெண்ட் வந்தபின் நிலைமை மாறிற்று, சொற்களும் மாறின. சுல்தானுக்கு ரெசிடெண்ட் கூறுவது 'ஆலோசனை' எனப் பெயர் பெற்றது. ஆனால் சமயமும் மலாய் வழக்கமும் நீங்கலாக ஏனையவற்றில் அவ்வாலோசனைப்படியே நடத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. மறுக்க இயலாத ஆலோசனைக்குத் தமிழில் கட்டளை என்றே பெயர்.

அக்கட்டளையின் முழு வலிமையையும் தம் வாழ்நாளில் கண்டவர் தெங்கு மூசா எடின். இவர் சுல்தான் அலாவுடின் சுலைமான் ஷாவின் மூத்த புதல்வர்; அரியணைக்கு அடுத்து நின்ற ராஜா மூடா. ஒழுக்கக் குறையைக் காரணம் காட்டி, ரெசிடெண்ட் ஆடம்ஸின் முயற்சியால் 1934இல் இவர் அந்நிலையினின்று நீக்கப்பட்டார். தந்தையாகிய சுல்தானின் எதிர்ப்பு எடுபடவில்லை. 1938இல் தந்தை மறைந்தபோது இளவல் ஹிசாமுடின் ஆலம் ஷா அரியணை ஏறினார். 1942இல் கோலாலம்பூரைப் பிடித்த ஜப்பானியர் ஹிசாமுடினை இறக்கினர். 1943இல் மூசாவை ஏற்றினர். 1945இல் ஆங்கிலேயர் திரும்பினர். மூசா மீண்டும் இறக்கப்பட்டுக் கொக்கோஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். ஹிசாமுடின் மீண்டும் அமர்த்தப்பட்டார். நோயுற்ற நிலையில் 1955இல் தாயகம் திரும்பிய மூசா அவ்வாண்டிலேயே காலமாகிக் கிள்ளான் அரச கல்லறையில் அடக்கமானார்.

இவ்வரலாற்றின் வினைச்சொற்களை மட்டும் தனியே எடுத்து நோக்குக: நீக்கப்பட்டார், ஏற்றப்பட்டார், இறக்கப்பட்டார், அனுப்பப்பட்டார். ஓர் அரசரின் வாழ்வு முழுவதும் செயப்பாட்டு வினையாகவே கழிந்திருக்கிறது. செயப்பாட்டு வினைக்கு ஒரு தன்மை உண்டு. பின்னால் ஒரு கை இருந்தது என்பதை அது மறைப்பதில்லை. யாருடைய கை என்பதைச் சொல்லாமல் விட இடம் தருகிறது. ஆங்கிலேயரும் ஜப்பானியரும் ஒருவர்க்கொருவர் பகைவர். எனினும் 'பட்டார்' என்னும் ஒரு துணைவினைக்குள் இருவரும் ஒருங்கே ஒளிந்துகொள்ள முடிகிறது.

அரசர்க்கு நேர்ந்தது தொழிலாளர் தலைவர்க்கும் நேர்ந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கோரினர். 'இறங்கினான்' என்று தன்வினையில் சொல்லப்பட்ட அச்செயல், உண்மையில் நாள்தோறும் நடந்த இறக்குதலே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். கடலைத் தாமே கடந்து வந்த மக்களின் தலைவரைக் கடல் 'கடத்தினர்'. கட என்பதன் பிறவினைதான் கடத்து.

விடுதலைக்குப் பின் பதவிப் போர் தாளில் நடைபெறலாயிற்று. 'இராஜினாமா' என்னும் சொல்லில் 'ராஜா' இருப்பதாக மாணவர் எண்ணுவதுண்டு. அது பாரசீகச் சொல். ராஸி என்பது இசைவு, நாமா என்பது பத்திரம். ஆகவே அதன் மூலப்பொருள் இசைவுப் பத்திரம் என்பதே. இசையாதவரிடமும் இசைவுப் பத்திரம் வாங்கலாம் என்பது அரசியலின் விந்தை. தெருப்பேச்சோ இத்தகைய மூடுதிரையை அறியாது. 'சீட்டைக் கிழித்தார்கள்', 'கல்தா கொடுத்தார்கள்' என்று அது எப்போதும் பிறவினையிலேயே பேசும்.

2020 பிப்ரவரி 23ஆம் நாள் அரசியல் தலைவர்கள் சிலர் பெட்டாலிங் ஜெயாவின் ஷெரட்டன் ஹோட்டலில் கூடினர். மறுநாள் பிரதமர் மகாதீர் பதவி விலகினார்; மார்ச் 1ஆம் நாள் முகைதீன் யாசின் பிரதமரானார். மகாதீர் 'விலகினார்' என்பது பிழையன்று; கடிதம் கொடுத்தவர் அவரே. ஆனால் அரசாங்கம் 'கவிழ்ந்தது' என்று மட்டும் எழுதினால், காற்றடித்துத் தோணி கவிழ்ந்தது போன்ற எண்ணம் பிறக்கும். மக்கள் அச்சொல்லோடு நிற்கவில்லை. மலாய் மொழியின் 'பிந்து பெலாக்காங்' தமிழில் 'கொல்லைப்புற வழி' ஆயிற்று. 'காத்தாக்' என்ற ஏளனம் 'தவளை' ஆயிற்று. செய்தவர் யார் என்ற வினாவுக்குப் பொதுமக்களின் சொற்கள் விடை கூறின. கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2022 அக்டோபர் 5இல் நடைமுறைக்கு வந்தபோது, தெருவின் கண்டனம் சட்டத்தின் வாசகமாயிற்று எனலாம்.

செய்தவர் வெளிப்படையாக நிற்கும் பதவி நீக்கம் ஒன்று உண்டு, அது தேர்தல். 2018 மே 9ஆம் நாள், 1957 முதல் ஆண்டுவந்த கூட்டணியை மக்கள் இறக்கினர். இங்கே எழுவாய் மறையவில்லை. 'மக்கள்' என்று முன்வந்து நிற்கிறது.

தன்வினை பிறவினை கற்பிக்கும் ஆசிரியர், 'பந்து உருண்டது, பந்தை உருட்டினான்' என்ற எடுத்துக்காட்டோடு நிறுத்த வேண்டியதில்லை. அன்றைய நாளிதழை வகுப்பில் விரித்து, 'விலகினார்' என்ற சொல்லைச் சுட்டி, 'விலக்கியவர் உண்டா?' என்று கேட்கலாம். விடை சிலபோது 'இல்லை' என்றும் வரும். அதையும் ஏற்கப் பழக வேண்டும். எழுவாயைத் தேடக் கற்ற மாணவன் இலக்கணத்தோடு வரலாற்றையும் கற்றவனாவான்.