ஆர். கே. சேகர்

ஆர். கே. சேகர் (1933 – 30 செப்டம்பர் 1976) சென்னையில் வாழ்ந்த தமிழ் இசைக் கலைஞர், இசைக்கோர்ப்பாளர், இசைக்குழு நடத்துநர் ஆவார். மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்துள்ளார். இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமானின் தந்தையான இவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிற இசையமைப்பாளர்களின் மெட்டுகளுக்கு வாத்திய இசை அமைப்பதிலேயே செலவிட்டார்.

பின்னணி

1950கள், 1960களில் தென்னிந்திய மொழிப் படங்கள் பலவற்றின் பாடல்களும் பின்னணி இசையும் சென்னையில் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. அதனால் கோடம்பாக்கம், வடபழனி பகுதிகளில் இருந்த கூடங்களில் நான்கு மொழிகளுக்கும் வாசிக்கும் கலைஞர்கள் இருந்தனர். இசையமைப்பாளர் பெரும்பாலும் ஆர்மோனியத்தில் மெட்டை அமைப்பார். அதற்கு முன்னிசை, இடையிசை எழுதுவது, வயலின், செலோ, குழல் முதலியவற்றுக்குத் தனித்தனியே இசைக்குறிப்பு தருவது, ஒத்திகை பார்ப்பது, ஒலிப்பதிவின்போது கையசைத்துக் குழுவை நடத்துவது ஆகியவை இசைக்கோர்ப்பாளரின் பொறுப்பு. அக்காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் இசைத்தனர். ஒருவர் பிசகினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இசைக்கோர்ப்பாளராக

வி. தட்சிணாமூர்த்தி, ஜி. தேவராஜன் ஆகியோரிடம் சேகர் உதவியாளராகப் பணியாற்றினார். 1968 இல் கறுத்த பௌர்ணமி படத்தின் மூலம் அறிமுகமான எம். கே. அர்ஜுனனின் பல படங்களுக்கும் இவரே இசைக்கோர்ப்பு செய்தார். நூறுக்கும் மேற்பட்ட படங்களில் இசைக்குழுவை நடத்தியுள்ளார். ஆயினும் அப்பாடல்கள் இசையமைப்பாளர்களின் பெயரிலேயே அறியப்படுகின்றன.

இந்நிலை சென்னைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் நாட் கிங் கோல் 1950 இல் பாடிப் புகழ்பெற்ற மோனா லிசா பாடலுக்கு வாத்திய இசை எழுதியவர் நெல்சன் ரிடில். இசைத்தட்டிலோ லெஸ் பாக்ஸ்டரின் பெயரே இருந்தது. பின்னர் பிராங்க் சினாட்ராவுடன் பணியாற்றியபோது ரிடிலுக்குத் தனிப்பெயர் கிடைத்தது. சேகருக்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை.

இசையமைப்பாளராக

குஞ்சாக்கோ இயக்கத்தில் 1964 இல் வெளிவந்த பழசி ராஜா சேகரின் பெயரை வெளிக்கொணர்ந்தது. வயலார் ராமவர்மா எழுத, கே. ஜே. யேசுதாஸ் பாடிய "சொட்ட முதல் சுடல வரே" பாடல் கேரளத்தில் பரவலாக விரும்பப்பட்டது. அதே ஆண்டில் ஆயிஷா படத்துக்கும் இசையமைத்தார். அதன்பின் சில ஆண்டுகள் தனிப்பொறுப்பில் படங்கள் அதிகம் அமையவில்லை. 1970களின் தொடக்கத்தில் அநாத சில்பங்கள், யோகமுள்ளவள் (1971), ஆறடி மண்ணின்டெ ஜன்மி (1972) முதலிய படங்களின் மூலம் மீண்டும் இசையமைப்பாளராக அறியப்பட்டார். யோகமுள்ளவள் படத்தில் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தையும் பாட வைத்தார். மொத்தம் இருபதுக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்துள்ளார்.

மறைவும் தாக்கமும்

ஒரே காலத்தில் பல படங்களுக்கு ஓய்வின்றி உழைத்த சேகர், உடல்நலம் குன்றி 1976 இல், தமது நாற்பத்து மூன்றாவது வயதில் காலமானார். அப்போது திலீப் குமார் என்ற பெயருடன் இருந்த ரகுமானுக்கு ஒன்பது வயது.

படத்துக்குப் படம் கூலி பெற்று வாழ்ந்த கலைஞரின் குடும்பத்துக்கு அவருடைய பாடல்களிலிருந்து தொடர் வருமானம் இல்லை. அவர் வாங்கி வைத்திருந்த இசைக்கருவிகளே எஞ்சின. அவற்றை ஒலிப்பதிவுகளுக்கு வாடகைக்கு விட்டே அவருடைய மனைவி கஸ்தூரி நான்கு பிள்ளைகளை வளர்த்தார். வீட்டிலிருந்த மின்னணு விசைப்பலகைகள் ரகுமானை இளம் வயதிலேயே ஈர்த்தன.

சேகரின் உழைப்பை அறிந்திருந்த அர்ஜுனன், 1981 இல் அடிமச்சங்ஙல படத்தில் விசைப்பலகை வாசிக்கும் வாய்ப்பை ரகுமானுக்கு அளித்தார். தந்தையைப் போலவே பிறரின் இசைக்குழுக்களில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின், 1992 இல் ரோஜா படத்தின் மூலம் ரகுமான் இசையமைப்பாளரானார். இன்று சேகரைப் பலரும் ரகுமானின் தந்தையாகவே அறிவர். அக்கால மலையாளப் பாடல்களின் இடையிசையைக் கவனித்துக் கேட்போருக்கு அவர் இசைக்கோர்ப்பாளராகவும் அறிமுகமாவார்.